ஸ்டான்லியை நான் ஆற்றில் விட்ட விவரம்

போடிநாயக்கனூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

கர்த்தருக்குள் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய பிரேம்சிங் அண்ணாச்சி அவர்களுக்கு, போடி ஏலக்காய்க்கடை தானியேல் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி ஜெயபாக்கியமும் மகள் மகாவும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். என் இடது காதில் மட்டும் சனிக்கிழமை புகுந்த ஆற்றுத் தண்ணீர் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அங்கு நாசரேத்தில் தங்கள் முழங்காலில் தையல் பிரித்தாயிற்றா, கோயில் வரைக்கும் கம்பு இல்லாமல் நடந்து போக முடிகிறதா, மதினி அவர்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று அறிய மிகவும் ஆவல்.

தங்கள் மகன் ஸ்டான்லிக்கு எங்கள் மகளைக் கொடுக்கச் சம்மதமா இல்லையா என்று வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருந்தீர்கள். இதைப் போனில் பேசுவதுதான் முறை. ஆனால் என் போன் ஆற்றில் இருக்கிறது. மகா தன் போனைத் தருகிறேன் என்றாள். தந்தால் பக்கத்திலேயே நின்று கேட்பாள், ஆகவே வேண்டாம் என்றேன். மேலும் சனிக்கிழமை நடந்ததைப் பற்றி அரைகுறையாக ஏதாவது தங்கள் காதுக்கு வந்திருக்கும். முழுவதையும் நானே என் கையால் எழுதிவிட்டால், பிறகு தாங்கள் என்ன முடிவு எடுத்தாலும் அது விவரம் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

முதலில் நன்றி. தம்பி ஸ்டான்லிக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். பெண் பார்க்க வருகிறோம் என்று வந்து, ஹாலில் வரிசையாக உட்கார்ந்து, பெண் காபித் தட்டோடு வரும்வரை எல்லோரும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன தெரிந்துவிடப் போகிறது, ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து வெளியே போய்வரலாம் மாமா என்று அவர்தான் தாம் வேலை பார்க்கும் கொச்சியிலிருந்து போன் போட்டுச் சொன்னார். எங்கே என்று கேட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறை தாண்டி ஒரு ஆற்றில் ராஃப்டிங் என்றார். காற்றடித்த ரப்பர் படகில் ஏறி, பாறைக்கும் பாறைக்கும் நடுவே பாயும் தண்ணீரில் ஆளுக்கொரு துடுப்போடு போவதாம். வெளியூர்க்காரர்கள் விமானம் பிடித்து வந்து இதைச் செய்கிறார்களாம். நான் யோசித்துச் சொல்கிறேன் என்பதற்குள், பக்கத்தில் நின்ற ஜெயபாக்கியம், "நாங்க வர்றோம் தம்பி" என்று சொல்லிவிட்டாள். மகாவிடம் கேட்டால் தோளைக் குலுக்கினாள். ஆனால் மறுநாளே தேனிக்குப் போய்ச் செருப்பு வாங்கி வந்தாள், தண்ணீரில் வழுக்காத செருப்பு.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பி, தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்குப் பின்னாலேயே பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டில் பனியில் கொஞ்சம் நடுங்கி, பூப்பாறை போய்ச் சேர்ந்தோம். தம்பி அங்கே டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் சர்க்கரை இல்லாமல் கேட்ட டீயைக் கடைக்காரன் சர்க்கரை போட்டுக் கொடுத்ததால் அவனோடு நாலு வார்த்தை பேச வேண்டியிருந்தது, அது முக்கியமில்லை. ஆற்றங்கரையில் எங்களை எதிர்கொண்டவன் படகோட்டும் பினோய். கட்டப்பனைக்காரன், மலையாளி, ஆனாலும் தமிழ் சுத்தமாகப் பேசுகிறான். நான் மாப்பிள்ளை பார்க்கிற நாள் ஆயிற்றே என்று தேய்த்த வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாகப் போயிருந்தேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அங்கிள், வேட்டி வேண்டாம். தண்ணியில துடுப்பச் சுத்திக்கும்" என்று சொல்லி, எந்த வெள்ளைக்காரனோ விட்டுப்போன அரை டவுசர் ஒன்றைக் கொடுத்தான். அதில் முழுக்கக் கிளிப் படம். அண்ணாச்சி, நாற்பது வருடமாக இந்த மலை ஏலக்காயை வாங்கி விற்கிறவன், தகப்பன், சபைக் கமிட்டியில் இருக்கிறவன், அன்று காலை கிளி டவுசரோடு தங்கள் மகன் முன்னால் நின்றேன். தம்பி சிரிக்கவில்லை. "கலர் நல்லா எடுக்குது மாமா" என்றார். அதற்கும் நன்றி.

பிறகு ஒரு படிவம் கொடுத்தார்கள். உயிருக்கு, எலும்புக்கு, மூக்குக்கண்ணாடிக்கு யார் பொறுப்பு என்று இரண்டு பக்கம். நான் எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை, ஆகவே இரண்டு பக்கத்தையும் படித்து முடிக்கிறவரை எல்லோரும் தலைக்கவசத்தோடு வெயிலில் நின்றார்கள். வயது என்ற இடத்தில் ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். ஜெயபாக்கியம் எட்டிப் பார்த்து, "அறுபத்திரண்டு முடிஞ்சிருச்சு, எழுத்துல பொய் எழுதாதீங்க" என்று ஆற்றின் அக்கரை வரைக்கும் கேட்கும்படி சொன்னாள். அவள் அன்று மகாவின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, கல்யாணமாகி முப்பது வருடத்தில் நான் பார்க்காத ஒரு நடை நடந்துகொண்டிருந்தாள். கையில் எவர்சில்வர் சம்படம். உள்ளே தம்பிக்கென்று முந்தின நாள் உட்கார்ந்து சுட்ட அச்சு முறுக்கு. படகில் அதைக் கொண்டுபோகக் கூடாது என்றான் பினோய். அப்படியென்றால் இப்பவே சாப்பிடட்டும் என்று தம்பியை நிற்கவைத்து ஏழு முறுக்கு சாப்பிட வைத்தாள். அவர் மறுக்கவே இல்லை. ஏழாவதைத் தின்றுகொண்டேதான் உயிர்காப்புச் சட்டைக்கு வார் மாட்டினார்.

பினோய் எங்களைக் கரையிலேயே உட்கார வைத்துப் பாடம் நடத்தினான். முன்னே என்றால் முன்னே துடுப்புப் போட வேண்டும், பின்னே என்றால் பின்னே, உட்கார் என்றால் படகுக்குள் குனிந்து உட்கார்ந்துவிட வேண்டும். யாராவது விழுந்தால் பயப்பட வேண்டாம், சட்டை மிதக்க வைக்கும், மல்லாந்து காலை முன்னால் நீட்டிக்கொண்டால் தண்ணீரே கீழே அமைதியான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், அங்கே கயிறோடு ஆள் நிற்கிறான். படகில் இருக்கிறவர் செய்ய வேண்டியது, விழுந்தவரின் தோள் வாரைப் பிடித்துக்கொள்வது, பினோய் வந்து தூக்கும்வரை பிடித்துக்கொண்டே இருப்பது. இவ்வளவும் தமிழில்தான் சொன்னான். நான் கடையில் நாலு பேரை ஏவியே பழகியவன் என்பதால், அவன் முன்னே என்று சொல்வதற்கு முன்பே நானும் முன்னே என்று சொன்னேன். இரண்டு தடவை பொறுத்துக்கொண்டான். மூன்றாவது தடவை, "அங்கிள், இந்தப் படகுல ஒரு டிரைவர் போதும்" என்றான்.

அண்ணாச்சி, அந்த ஆறு. நாற்பது வருடமாக அந்தத் தண்ணீரைக் குடித்து விளைந்த காயைத்தான் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆற்றை ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை. போன வார மழையில் நிறைந்து, இரண்டு பக்கமும் ஏலத்தோட்டத்து நிழல் விழ, பச்சையாகப் போய்க்கொண்டிருந்தது. முதல் பாய்ச்சலில் படகு மூக்குக் குத்திக் கீழே போய் மேலே வந்தபோது நான் துடுப்பை மடியில் போட்டுவிட்டுப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஜெயபாக்கியம் சத்தமாக ஜெபம் பண்ணத் தொடங்கி, பாதியில் அது கூச்சலாகி, கடைசியில் "இன்னொரு தடவ போங்க தம்பி" என்று முடிந்தது. மகா சிரித்தாள். எங்கள் கடைக்காக, ஏலக்காய் ஏலம் நடக்கும் நாட்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்பது அவள்தான். புருவத்தைச் சுருக்கி, யாரோடும் பேசாமல், கண்ணைத் திரையை விட்டு எடுக்காமல் இருப்பாள். அந்தப் பெண் தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறையத் தண்ணீரோடு சிரித்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த தம்பி திரும்பி அவளிடம் என்னமோ சொன்னார், அவள் மறுபடியும் சிரித்தாள். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. எப்படியோ, மகளை அப்படிப் பார்க்கக் கொடுத்துவைத்ததற்குத் தங்கள் குடும்பத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது பாய்ச்சலுக்குக் கீழே ஒரு பெரிய கறுப்புப் பாறை. படகு அதில் மோதி ஒருக்களித்தது. தம்பி வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் தண்ணீருக்குள் போய்விட்டார். நான் அவருக்கு நேர் பின்னால் இருந்தேன். பாடத்தில் சொன்னபடியே பாய்ந்து அவர் தோள் வாரை வலது கையால் பிடித்துவிட்டேன். நன்றாகவே பிடித்தேன். குனிந்த வேகத்தில் என் போன்தான் ஆற்றுக்குள் போயிற்று. தம்பி என்னை அண்ணாந்து பார்த்தார். அப்போது பின்னாலிருந்து பினோய், "விடல்லே! அங்கிள், விடல்லே!" என்று தொண்டை கிழியக் கத்தினான். நான் விட்டுவிட்டேன்.

தங்கள் மகன் போனார். சொல்லிக்கொடுத்தபடியே மல்லாந்து, காலை முன்னால் நீட்டி, கோயில் பெஞ்சில் படுத்துத் தூங்குகிறவர் போல, நிதானமாக வளைவு திரும்பி மறைந்துவிட்டார். அதுவரை அவரை 'அவங்க' என்று சொல்லிக்கொண்டிருந்த மகா, எழுந்து நின்று, "ஸ்டான்லி!" என்று பெயர் சொல்லிக் கத்தினாள். பினோய் மட்டும் உட்கார் உட்கார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் வளைவு திரும்பியபோது, கயிறு வைத்திருந்த ஆள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருக்கிறான். பக்கத்துப் பாறையில், எங்கள் போடிப் பக்கத்துச் சிலமலையிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் மத்தியானச் சோறு தின்றுகொண்டிருக்கிறார்கள். நடுவில் தங்கள் மகன், கையில் சட்டி மூடி, அதில் எலுமிச்சம்பழச் சோறும் சுட்ட கருவாடும். கருத்தம்மாள் என்று ஒரு அம்மாள், எங்களைப் பார்த்ததும், "ஆத்தி, தண்ணியோட வந்துச்சு பிள்ள. பல்லு தந்தியடிக்குது. வெரசா ஒரு வாய் தின்னு அப்புன்னு குடுத்தேன்" என்றாள். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டு மாப்ளேயா?" என்று கேட்டாள். அதற்கு மகா ஏதோ சொன்னாள். ஆற்றுச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

ஜெயபாக்கியம் அங்கேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்தவங்க பெத்த பிள்ளைய இப்படி ஆத்துல விட்டுட்டீங்களே, கை என்ன வெண்ணெயா?" என்று சுடிதாரோடு இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி எழுந்து வந்து, "அத்த, மாமா மேல ஒரு தப்பும் இல்ல. பினோய் அவசரத்துல மலையாளத்துல கத்திட்டாரு. 'விடல்லே'ன்னா விடாதீங்கன்னு அர்த்தம். நம்ம ஊர்க் காதுல அது 'விடுலே'ன்னுதான விழும்? எங்க அப்பாவா இருந்தாலும் விட்டுருப்பாவ" என்றார். மகா சிரித்தாள், கருத்தம்மாள் சிரித்தாள், பினோய் தலையில் அடித்துக்கொண்டு, "ஸாரி அங்கிள், டென்ஷன்ல மலையாளம் வந்துருச்சு" என்றான். ஜெயபாக்கியம் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குளிராக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆக, அண்ணாச்சி, நடந்தது இதுதான். எனக்கு மலையாளம் எண்ணிக்கை சொல்லும் அளவுக்குத்தான் வரும். எங்கள் தாத்தா நாசரேத்தை விட்டுப் போடிக்கு வந்து எழுபது வருடத்துக்கு மேல் ஆனாலும் எங்கள் வீட்டுக் காது இன்னும் 'லே' போட்டுப் பேசும் அந்த ஊர்க் காதுதான். அவசரத்தில் அவனுக்குக் கட்டப்பனை வந்தது, எனக்கு நாசரேத் வந்தது. சொல்லப்போனால், அறுபத்திரண்டு வயது மனிதனைப் பார்த்து இந்தப் பொடியன் 'லே' போடுகிறானே என்று அந்த நேரத்தில் எனக்குக் கோபம்கூட வந்தது.

ஆனாலும் பெண் வீட்டார் முதல் நாளே பிள்ளையை ஆற்றோடு அனுப்பிவைத்தார்கள் என்றால் நாசரேத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். தாங்கள் தயங்கினால் அது நியாயமே. அத்தோடு மனதில் ஒளிக்காமல் சிலவற்றைச் சொல்லிவிடுவது என் கடமை. மகாவுக்குச் சமையல் சுத்தமாக வராது. காலையில் எட்டு மணிக்கு முன்னால் எழுப்ப முடியாது. பிரசங்கத்தில் பாதி நேரம் தூங்குவாள். கோபம் வந்தால் மூன்று நாளைக்குப் பேச மாட்டாள். கொச்சியின் உப்புக் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். அவள் போய்விட்டால் ஏலத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார ஆள் இல்லை என்பது எங்கள் பாடு, அதை இங்கே எழுதக் கூடாது. தம்பி ஸ்டான்லிக்கு எங்கேயும் தங்கமான பெண் கிடைக்கும். தாங்கள் வேண்டாம் என்று சொன்னால் நாங்கள் துளியும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டோம், பழையபடி அன்பாகவே இருப்போம் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டு வாசலில் சமாதானமும், தங்கள் முழங்காலில் பலமும் நிலைத்திருக்க எங்கள் ஜெபம். மதினி அவர்களுக்கு ஜெயபாக்கியத்தின் ஸ்தோத்திரம். தம்பிக்கு மீதி அச்சு முறுக்குத் தனிப் பார்சலில் வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் பதில் எதுவானாலும் நன்றியோடு ஏற்றுக்கொள்ளும்,
தானியேல்.

பி.கு.: அண்ணாச்சி, மேலே எழுதியதில் தம்பியைப் பற்றிச் சொன்ன நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் பூப்பாறை லோடு வந்தது. ஜீப்பின் மேலிருந்து மூட்டை இறக்கிய மலையாளத்துப் பையனுக்குக் கை வழுக்கியது. நான் வாசலில் நின்று, "விடல்லே! விடல்லே!" என்று கத்தினேன். அவன் விடவில்லை. திரும்பிப் பார்த்தால் காபித் தம்ளரோடு ஜெயபாக்கியம் நிற்கிறாள். "நாப்பது வருசமா இதே வாசல்ல இதத்தான கத்துறீங்க. ஆத்துல மட்டும் எப்படி வேற மாதிரி கேட்டுச்சு?" என்றாள். காபியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு மலையாளம் தெரியும். நன்றாகவே தெரியும். பூப்பாறை டீக்கடைக்காரனோடு அன்று காலை மலையாளத்தில்தான் சண்டை போட்டேன், தம்பி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பினோய் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது, அர்த்தமும் தெரிந்தது. கோபம் வந்தது என்று எழுதியது பொய். வந்தது பயம். இந்தப் பிள்ளையைத் தூக்கிப் படகில் போட்டால் மகா இவரோடு போய்விடுவாள் என்று ஒரு நொடி நினைத்தேன். கை தானாகத் திறந்ததா, நான் திறந்தேனா என்று வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்லச் சொன்னால் எனக்குத் தைரியம் இல்லை. இதற்கு முன் வந்த நான்கு இடங்களையும் இப்படித்தான் ஏதாவது சொல்லி நானே கலைத்தேன்.

'விடுலே' கதையை நான் கட்டவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு, என் மனைவி மகள் முன்னால் எனக்கு அவமானம் வராமல் இருக்க, தங்கள் மகன் நின்ற இடத்தில் உண்டாக்கிக் கொடுத்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளாகத் திரிகிறேன். ஜீப்பில் என்னைக் கைகொடுத்து ஏற்றிவிடும்போது என் காதருகே குனிந்து அவர் சொன்னது இது: "மாமா, அடுத்த தடவ விடுததா இருந்தா முன்னாலயே ஒரு வார்த்த சொல்லிருங்க, மூச்சப் பிடிச்சுக்கிடுதேன்." வேறு யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை, தங்களிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார். நான் பெற்ற பிள்ளைகூட எனக்கு இவ்வளவு செய்ததில்லை.

மகா மீன் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். ஐந்து மணிக்கு எழுந்துவிடுவாள். கருத்தம்மாள் கேட்டதற்கு அவள் சொன்னது, "ஆமாக்கா." எங்கள் மூன்று பேருக்கும் முழுச் சம்மதம். தங்கள் கால் குணமானதும் நவம்பரில் தாங்களே ஒரு தேதி வையுங்கள். அதைத் தள்ளிப்போடச் சொல்லி என்னிடமிருந்து இனி எந்தக் கடிதம் வந்தாலும், தயவுசெய்து பிரிக்காமலே கிழித்துவிடுங்கள்.